பர்வீன் தைத்த பாய்லர் துணி

நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். மைக் பிடித்துப் பேச எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் திட்டுதான் முதலில் வரும். என்னிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மூச்சு விடாமல் சொல்வார்கள். அதனால் எழுதித் தருகிறேன். ஊசியும் ட்யூபும் மருந்தும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப் போவது ஒரே ஒரு வீட்டைப் பற்றி. ஆம்பூரில் இருக்கிற வீடு. அந்த வீட்டுக்குள் நான் காலே வைத்ததில்லை, ஆனால் அதன் நடுக்கூடம் இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு பர்வீன் என்ற அம்மா வார்டில் சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, வாய் நிறையச் சிரிப்பு. வலது பக்க நெஞ்சில் நீர் கோத்திருந்தது. எடுத்தால் திரும்பக் கோத்துக் கொள்ளும். வெளியில் ஏற்கெனவே டி.பி. என்று மருந்து கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான். மருந்து கேட்கவில்லை, மூச்சு இன்னும் இழுத்தது, அதனால் எங்களிடம் வந்தார். சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. நுரையீரலுக்குள் வருவது அல்ல. நுரையீரலைப் போர்த்தியிருக்கிற ஜவ்வில் வருவது. அந்த நோயின் பெயரை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள், பக்கத்திலேயே காரணமாக ஆஸ்பெஸ்டாஸ் என்று போட்டிருக்கும்.

வார்டு டாக்டரும் அதைப் படித்தவர்தான். நல்ல பிள்ளை, பொறுப்பானவர். முடிவு வந்த அன்றே வந்து கேட்டார். எங்கேயாவது வேலைக்குப் போனீர்களா, ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி, கட்டட வேலை, ஏதாவது?

"இல்ல டாக்டர். நான் வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றார் பர்வீன்.

வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். தோல் ஷாப் என்றார் அந்த அம்மா. தோல் பதனிடுகிற தொழிற்சாலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆம்பூரில் கல்லை விட்டெறிந்தால் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் மேல்தான் விழும், அதில் விசேஷம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஷீட் கூரையா என்று கேட்டார். மெத்தை வீடு, கான்கிரீட் தளம் என்று பதில் வந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். வார்டில் அன்றைக்குக் கட்டில் காலியே இல்லை. காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பர்வீனுக்குத் தரப் போகிற வைத்தியம் ஒன்றுதான் என்று அவர் நினைத்திருப்பார். பர்வீனைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

வலி இருந்ததால் பர்வீனால் வலது கையைத் தூக்க முடியாது. தலை சீவிக்கொள்ள முடியவில்லை என்பதுதான் அவருக்கு நோயைவிடப் பெரிய பேஜார். முக்காடு விலகினால் பதறிப் போவார், வார்டு பாய் வருகிற சத்தம் கேட்டாலே இடது கையால் துப்பட்டாவை இழுத்துக் கொள்வார். அதனால் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் திரையை இழுத்து விட்டு நான் சீவிவிடுவேன். ஹெட் சிஸ்டர் தலை சீவுவதா என்று சின்னப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நோயாளி உண்மையாகப் பேசுவது தலை சீவும்போதும் முதுகு துடைக்கும்போதும்தான், ரவுண்ட்ஸில் இல்லை.

அப்படி ஒரு மத்தியானம் அவர் கை என் கண்ணில் பட்டது. ஆள்காட்டி விரலில் நல்ல காய்ப்பு. கட்டை விரல் ஓரத்தில் பழைய ஊசித் தழும்பு.

"சும்மா இருக்கேன்னு சொன்னீங்களே பர்வீம்மா, இதுவா சும்மா இருந்த விரலு?" என்று சும்மா சீண்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். தோல் தைத்த விரல்தான் அது. ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, அதற்கென்றே இருக்கிற கனமான மிஷினில் தைத்துக் கொடுப்பார்களாம். கல்யாணம் ஆன புதிதில் ஆரம்பித்தது, மகள் சல்மா இப்போது அதே மிஷினில் உட்கார்கிறாள் என்றார். அதெல்லாம் வேலை இல்லையா என்று கேட்டேன்.

"சோறாக்கிட்டு, புள்ளையப் பாத்துக்கிட்டு, நடுவுல தைக்கிறது. அது ஒரு வேலையா சிஸ்டர்?"

பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக் கொள்ளுங்கள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. குடியாத்தத்தில் தறிக்கு நூல் சுற்றுகிற பெண்ணும் வாணியம்பாடியில் பீடி சுற்றுகிற பெண்ணும் இதையேதான் சொல்வார்கள். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனால்தான் வேலை. வீட்டுக்குள் செய்தால் சும்மா.

தோல் மட்டும்தான் தைப்பீர்களா என்று கேட்டேன். பேச்சை வளர்க்கக் கேட்டதுதான். நெஞ்சு வலி மறந்து அவர் பேசினால் எனக்குப் போதும்.

"எல்லாத்தையும் தைச்சிருக்கேன். பாய்லர் துணிகூடத் தைச்சிருக்கேன்" என்றார் பெருமையாக.

அவர் கணவர் ஜாஃபர் பாய் தோல் ஷாப்பில் பாய்லர் ரூமில் இருந்தவராம். நீராவி போகிற குழாய்களின் வால்வுகளுக்குச் சட்டை மாதிரி உறை போடுவார்கள், கழற்றி மாட்ட வசதியாக. அதற்கு ஒரு கனத்த வெள்ளைத் துணி. சாதாரணத் தையல் மிஷினில் வைத்தால் ஊசி உடைந்துவிடும். ஷூ தைக்கிற மிஷினில்தான் இறங்கும். உன் வீட்டில்தான் மிஷின் இருக்கிறதே என்று மேஸ்திரி ஜாஃபர் பாயைக் கேட்டிருக்கிறார். என் பீபி தைத்தால் நூல் பிரியாது என்று இவரும் பெருமையாகச் சுருளைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கைக்குப் போடுகிற உறை, வால்வுக்குப் போடுகிற உறை எல்லாம் பர்வீன் தைத்தார். வருடக்கணக்காகத் தைத்தார். பிறகு ஷாப்பில் வேறு சாமான் வாங்க ஆரம்பித்தார்கள், இது நின்றுபோனது.

"வெட்டறப்ப பஞ்சு மாதிரிப் பறக்கும் சிஸ்டர். சாயந்திரம் பாத்தா தலையெல்லாம் வெள்ளை. அவரு வந்து, 'இன்னா, அதுக்குள்ள கிழவி ஆயிட்டியா'ன்னு சிரிப்பாரு. சல்மா அப்ப கைக்குழந்த. அதுக்கும் வெள்ளை முடி."

நான் சீவிக்கொண்டே இருந்தேன். அந்தத் துணியில் அப்படி என்ன விசேஷம், எதற்காகப் பாய்லருக்குப் போடுகிறார்கள் என்று கேட்டேன்.

"அது எரியாது சிஸ்டர். நெருப்புல போட்டாக்கூட அப்டியே இருக்கும்."

என் கையிலிருந்த சீப்பு நின்றுவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நமக்கெல்லாம் கூரை ஷீட்தான். ஆனால் அது கல். நார் நாராகப் பிரிகிற கல். நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், கயிறாகத் திரிக்கலாம். ஷீட்டில் சிமென்ட் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால்தான் தூசி கிளம்பும். துணியில் பிடித்து வைக்க எதுவும் இல்லை, கத்தரி பட்ட இடமெல்லாம் பறக்கும். மூச்சோடு உள்ளே போன நார் கரையாது, வெளியே வராது. ஜவ்வில் போய்க் குத்திக்கொண்டு இருபது, முப்பது, நாற்பது வருடம்கூடச் சும்மா கிடக்கும். டாக்டர் தேடிய கம்பெனி இந்த அம்மாவின் கூடத்திலேயே இருந்திருக்கிறது, கைக்குழந்தையோடு.

இப்போது அந்தத் துணி எங்கே என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"மீதி இருக்குதே வீட்டுல. மிஷின் ஆடாம இருக்க அடியில மடிச்சுப் போட்டிருக்கோம். நல்ல துணி சிஸ்டர். இத்தினி வருஷத்துல கிழியவே இல்ல."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. சல்மா தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிட்டுப் பேத்தியைக் காட்டுவாள். கல்யாணமாகி அதே தெருவில் இருக்கிறாள், பகலெல்லாம் அம்மா வீட்டில்தான். நோன்பு வரப் போகிறது, அம்மியும் (அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) வீட்டுக்கு வரப் போகிறாள் என்று வீட்டைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மறுநாள் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறதாம். சந்தோஷமாகப் போனைச் சுற்றிக் காட்டினாள். சுவர் தெரிந்தது, நடுக்கூடத்துக்கு இழுத்து வைத்த மிஷின் தெரிந்தது. அதன் பக்கத்தில் அழுக்கேறிய ஒரு வெள்ளைத் துணி விரித்துக் கிடந்தது. அதன்மேல் தவழ்கிற வயதுக் குழந்தை உட்கார்ந்து, பிரிந்த ஓரத்திலிருந்து நூலை உருவி வாயில் வைத்துக் கொண்டிருந்தது.

"இதையும் மாடிக்கு எடுத்துட்டுப் போயி நல்லா அடிச்சு உதறணும் அம்மி. ஜாஸ்தி தூசி" என்றாள் சல்மா. அவள் கையில் குச்சி இருந்தது.

என் சர்வீஸில் நான் ரத்தம் பார்த்திருக்கிறேன், சாவு பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபோது மாதிரி எனக்கு எப்போதும் ஆனதில்லை. பர்வீன் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். எனக்குக் கோபமோ பயமோ வந்தால் குரல் இறங்கிப் போகும், அப்படித்தான் பேசினேன்.

"சல்மா, நான் சிஸ்டர் பேசறேன். அம்மிக்கு ஒண்ணுமில்ல. நீ குச்சிய கீழ வெச்சிட்டு குழந்தையத் தூக்கு."

தூக்கினாள். வாயில் இருக்கிற நூலை விரலை விட்டு எடுக்கச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு உன் வீட்டுக்குப் போ, அந்தத் துணியைத் தொடாதே, உதறாதே, தரையைப் பெருக்காதே, குழந்தையைக் குளிப்பாட்டு, நீயும் தலையோடு குளி, போட்டிருக்கிற துணியைத் தண்ணீரில் முக்கு, உதறாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கேட்கத்தானே செய்வாள்.

அப்போது பர்வீன் என் மணிக்கட்டைப் பிடித்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒரு பக்கம் போனில் மகள், இன்னொரு பக்கம் அம்மாவின் பிடி. யோசிக்க நேரமில்லை. அது நல்ல துணி இல்லை, மற்றதை நேரில் சொல்கிறேன், முதலில் கிளம்பு என்று சொல்லிப் போனை வைத்தேன். குழந்தை அந்த அறையை விட்டு வெளியேற அந்த அளவு போதும். முழுக் காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

"அதாலதான் எனக்கு வந்துதா?" என்று கேட்டார் பர்வீன்.

டாக்டர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும், ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன் என்று சொன்னேன். அவர் அழவில்லை. மகளும் பேத்தியும் வெளியே போய்விட்டார்களா என்று இரண்டாம் முறை கேட்டுக் கொண்டார். பிறகு சொன்னார்.

"அவருக்குச் சொல்லாதீங்க சிஸ்டர். அவருதான் தோள்ல வெச்சுக் கொண்டாந்தாரு. தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

இந்த இடத்தில்தான் நீங்களெல்லாம் தவறிவிடுவீர்கள். நல்ல மனசோடு, சரிம்மா, சொல்லவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடுவீர்கள். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தத் துணி வீட்டை விட்டுப் போயாக வேண்டும், ஜாஃபர் பாய்க்குத் தெரியாமல் எப்படிப் போகும்? அவர் நெஞ்சையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், சல்மாவையும்தான். அதனால் பர்வீனிடம் சொன்னேன். துணி ஆபத்தானது என்று நான் சொல்வேன், சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு வந்தது அதனால்தான் என்று நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டால் என் வாயில் பொய் வராது. அவர் சரி என்றார்.

டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் கேட்டேனே சிஸ்டர் என்றார். கேட்டீங்க டாக்டர், சும்மா இருக்கேன்னாங்க, நீங்க சரின்னுட்டீங்க என்றேன். என் குரல் எவ்வளவு இறங்கியிருந்ததென்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் சால்ஜாப்பு சொல்லவில்லை. வந்து பர்வீன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து, துணியை நனைத்து, கனமான பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றாகக் கட்டி எடுத்துப் போக ஏற்பாடு செய்தார். சுண்ணாம்பு அடிக்கிற ஆளை நிறுத்தச் சொன்னதும் அவர்தான்.

சாயங்காலம் ஜாஃபர் பாய் வந்தார். உயரமான மனிதர், பாய்லர் சத்தத்தில் வேலை பார்த்ததால் கொஞ்சம் காது மந்தம். அவரைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப் போனேன். துணியைப் பற்றிச் சொன்னேன். நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்றேன், பீடியை இன்றோடு விடுங்கள், இந்தத் தூசி போன நெஞ்சுக்கு அது இரட்டிப்புக் கெடுதல் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டார். பேத்திக்கு ஏதாவது ஆகுமா என்று மட்டும் கேட்டார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இன்றைக்கே நிறுத்தியது நல்லது, உறுதியாக யாராலும் சொல்ல முடியாது என்றேன். பர்வீனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு சொன்னார். "அந்தத் துணிய நான் எங்க வீட்டுக்கு மட்டும் கொண்டாரல சிஸ்டர். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன்."

எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. தெருமுனை இஸ்திரிக்காரருக்கு மேஜைமேல் விரிக்க ஒரு துண்டு. கல்யாண பிரியாணி செய்கிறவருக்கு, சூடான தேக்சாப் பாத்திரத்தைப் பிடித்து இறக்க, பர்வீன் கையாலேயே தைத்த கை உறைகள். பக்கத்து வீட்டில் அடுப்புக்கு அடியில் போட ஒரு துண்டு. எரியாத துணி, கிழியாத துணி, யார் வேண்டாம் என்பார்கள்? எல்லாம் இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது என்றார்.

"போயி சொல்லிட்டு வந்துடறேன். ஆனா ஏன்னு கேப்பாங்க. இத்தினி வருஷம் இல்லாதது இப்ப இன்னா வந்துதுன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும் சிஸ்டர்?"

அவர் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அதுதான். சுற்றி வந்து என்னிடமே நின்றது. பதிலை அந்தத் தாழ்வாரத்திலேயே சொல்லியிருக்கலாம், பொய் சொல்ல மாட்டேன் என்று முன்பே சொல்லித்தான் இருந்தேன். ஆனால் அதைச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை, உள்ளே படுத்திருக்கிறவருக்குத்தான் உண்டு என்று அந்த நிமிஷம் தோன்றியது. வாங்க பாய் என்று கூட்டிக்கொண்டு போனேன். பர்வீனிடம், இந்தத் துணி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அவர்களிடம் என்ன காரணம் சொல்வது என்று பாய் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

பர்வீன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மத்தியானம் என் கையைப் பிடித்துக் கெஞ்சிய அதே அம்மாதான்.

"உள்ளதச் சொல்லுங்க. என் பீபி தைச்சா, அவ நெஞ்சுல வந்துடுச்சுன்னு சொல்லுங்க."

ஜாஃபர் பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவியின் தலைமேல் கையை வைத்து, "நான் சிரிச்சேனே" என்றார். எதைச் சொல்கிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"நானும்தான் சிரிச்சேன்" என்றார் பர்வீன். அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். "நம்பலன்னா போட்டோ காட்டுங்க. போன்ல இருக்கிறதெல்லாம் பழசு, அதுல நான் நல்லா இருக்கேன். புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க."

முக்காடு சரிந்தால் பதறுகிறவர், போர்வையை இடது கையால் விலக்கினார். நீர் வடிகிற ட்யூப் பக்கவாட்டில் தொங்கியது.

"ட்யூபு தெரியற மாதிரி எடுங்க. சீக்கிரம், இஸ்திரிக்காரர் கடையச் சாத்திடப் போறாரு."

அவர் எடுத்தார். முதல் படம் சரியாக வரவில்லை, இரண்டாவதை நான் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கே ஒவ்வொரு வாசலிலும் நின்று அதைக் காட்டியிருக்கிறார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை என்று சல்மா சொன்னாள். இஸ்திரிக்காரர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடையை அப்படியே பூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். டாக்டர் ஏற்பாடு செய்த பாதுகாப்பு ஆள் வந்து எல்லாத் துண்டுகளையும் நனைத்துக் கட்டி எடுத்துப் போனார். பர்வீன் நோன்புப் பெருநாளைக்கு வீட்டில் இருந்தார், பக்ரீத் வரை இருக்கவில்லை. ஜாஃபர் பாயின் படத்திலும் ஜவ்வு தடித்திருக்கிறது, வருடா வருடம் வந்து காட்டுகிறார். பீடி பிடிப்பதில்லை.

சல்மா ஒருமுறை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். தனக்கும் பாப்பாவுக்கும் ஒன்றும் ஆகாதில்லையா என்று கேட்டாள். அப்பாவிடம் சொன்னதையேதான் சொன்னேன், அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தப் பெண் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் பெயர் ஆயிஷா. அவளுக்கு ஒன்றும் வராது என்றுதான் நானும் தினம் வேண்டுகிறேன். அப்படி வந்தாலும் இப்போது வராது. வரும் காலத்தில் நான் இருக்க மாட்டேன், அந்த டாக்டரும் ஓய்வு பெற்றிருப்பார். உங்களில் யாராவது ஒருத்தி ஹெட் சிஸ்டராக இருப்பீர்கள். ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள். எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை என்பாள், தையல் மிஷினைத் தொட்டதுகூட இல்லை என்பாள், எல்லாம் நிஜமாகத்தான் இருக்கும். தவழ்கிற வயதில் எந்தத் துணிமேல் உட்கார்ந்திருந்தோம் என்பது அவளுக்கு நினைவிருக்காது. உங்களுக்கு இருக்கட்டும்.